பழுது யாருடையது? செயின்சா மெக்கானிக் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துவிட்டன. ரோட்டில் கிடந்த மரத்தை அறுத்துத் தள்ளினால்தான் வண்டி வாகனம் ஊருக்குள் வர முடியும் என்ற நிலை. அதுவரை மரக்கடைக்காரரிடமும் மரம் வெட்டும் செட்டுகளிடமும் இருந்த செயின்சா, அதற்குப் பிறகு தோப்பு வைத்திருப்பவர் வீட்டுத் தாழ்வாரத்துக்கும் வந்துவிட்டது. நல்ல மிஷினும் வந்தது. விலையைக் கேட்டதுமே சந்தேகப்பட வேண்டிய பெட்டிச் சரக்கும் வந்தது. இரண்டுமே இன்று பட்டறை வாசலுக்கு வருகின்றன. கொண்டுவருகிறவர் சொல்வது மட்டும் ஒன்றேதான்: "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

ஏமாற்றியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவன்தான் மெக்கானிக். ஸ்பேர் மாற்றத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். தொழிலுக்குப் புதிதாக வரும் உனக்கு, தம்பி, நான் சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஸ்பானரை எடுக்கும் முன் கேள்வி கேள்.

மிஷினை மேஜையில் வைத்ததும் மூடியைக் கழற்றாதே. என்ன மரம் அறுத்தார்கள்? காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா, ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதா? நின்றபின் எவ்வளவு நேரம் கழித்து மறுபடி எடுத்தது? பெட்ரோலைக் கலந்தது யார், எப்போது? கடைசியாக எத்தனை மாதம் சும்மா கிடந்தது? இவற்றுக்குப் பதில் கிடைத்தாலே பாதிப் பழுது தெரிந்துவிடும். காரணம் பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் இருக்கும்: காசை மிச்சம் பிடித்த கம்பெனி, கவனிக்காத சொந்தக்காரர், கெட்டுப்போன பெட்ரோல். சில நேரம் மூன்றும் கூட்டு சேரும். எந்தப் பழுது எதனால் வந்தது என்று பில்லிலேயே ஒரு வரி எழுதிக் கொடு. அந்த ஒரு வரிக்காகவே உன்னைத் தேடி வருவார்கள்.

2. முதல் சந்தேகம் பெட்ரோல் மேல் இருக்கட்டும்.

செயின்சாவின் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குள் ஊற்றத் தனி ஆயில் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற 2டி ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. எந்தக் கணக்கு என்பதை மிஷினோடு வந்த புத்தகம் சொல்லும். டீக்கடை பெஞ்சில் கேட்டு ஊற்றக்கூடாது. பைக்குக்கு வாங்கிய 4டி ஆயிலைக் கலப்பதும் குத்துமதிப்பாக ஊற்றுவதும் கம்பெனி செய்த குற்றம் ஆகாது.

அடுத்தது எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. இன்று பங்க்குகளில் ஊற்றுவது பெரும்பாலும் அதுதான். வாடிக்கையாளர் நம்பவில்லை என்றால் அவர் கண் முன்னாலேயே காட்டு. அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர் விட்டு, மேலே 90 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி வை. தெளிந்ததும் பார்த்தால் அடியில் 10-ல் நின்ற தண்ணீர் மட்டம் இரண்டு மடங்குக்கும் மேலே ஏறியிருக்கும். பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது.

மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்ட பழைய பெட்ரோல், மிஷின் டேங்கிலும் இதே மாதிரி பிரியும். பெட்ரோல் உறிஞ்சும் ஃபில்டர் டேங்கின் அடியில்தான் கிடக்கிறது. 2டி ஆயிலோ மேலே நிற்கும் பெட்ரோலோடு தங்கிவிடும். ஆக, இன்ஜினுக்குப் போவது ஆயில் இல்லாத தண்ணிச் சாராயம். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதே என்று எல்லோரிடமும் சொல். மிஷினை ஓரம் கட்டுவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, அப்புறம் வைக்கச் சொல்.

3. "சூடானதும் நின்னுபோகுது" என்பதற்கு இரண்டு அர்த்தம்.

கால் மணி நேரம் நன்றாக ஓடும், நிற்கும், ஆறிய பிறகு மறுபடி ஓடும். இந்தப் புகார் வந்தால் இரண்டு பேர் மேல் சந்தேகப்படு. ஒன்று டேங்க் மூச்சுக்குழாய். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று புக வேண்டும். அந்த வால்வு தூசியில் அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வருவது நின்றுவிடும். இரண்டாவது காயில். சூட்டில் உள்சுற்று விட்டுப்போய் கரண்ட் வராது. ஆறினால் ஒட்டிக்கொண்டு வரும்.

பிரித்துப் பார்ப்பது சுலபம். நின்ற நிமிஷமே பெட்ரோல் மூடியைத் திற. புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, மிஷின் உடனே ஸ்டார்ட் ஆனால் மூச்சுக்குழாய்தான். இல்லையென்றால் மூடியை இறுக்கிவிட்டு, பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் ஓட்டைக்கு எட்ட வைத்து, பாடியில் தொட்டபடி கயிற்றை இழுத்துப் பார். பொறி வராவிட்டால் காயில். காயிலுக்கும் மேக்னெட்டுக்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும்; விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகி வைத்து இறுக்கினால் போதும். பிளக் இடைவெளி 0.5 மி.மீ. இதைப் பார்க்காமல் முதலிலேயே கார்புரேட்டரை மாற்றிவிட்டுப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீ சேராதே.

4. ரப்பர் எல்லாவற்றையும் வளைத்துப் பார்.

பெட்ரோல் டியூப், பிரைமர் குமிழ், கார்புரேட்டர் டயாபிராம், இன்டேக் ரப்பர் நான்கும் ஒரே நோயில் விழுகிறவை. வெளியே பளபளவென்று இருக்கும். விரலால் வளைத்தால் வெடிப்பு தெரியும். டியூப் டேங்குக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் கீறும், அதனால் அந்த இடத்தை வெளியே இழுத்துப் பார்க்காமல் விடாதே. எத்தனாலைத் தாங்கும் ரப்பர் உலகத்தில் இருக்கிறது. அதைப் போடுவதற்கு ஆகும் செலவும் பெரிதாக இல்லை. புதிதாக வாங்கிய மிஷினில் டியூப் கொழகொழவென்று ஊறிப்போயிருந்தால் அது கம்பெனி பிடித்த மிச்சம், சந்தேகமே வேண்டாம். பத்து வருஷம் ஓடிய மிஷினில் விறைத்துப் போயிருந்தால் அது வயது.

5. கார்புரேட்டர் ஸ்குரூவைக் கடைசியாகத் தொடு.

எல், எச் என்று இரண்டு ஸ்குரூ, ஐட்லிங்குக்கு ஒன்று. எச் ஸ்குரூவை இறுக்கினால் பெட்ரோல் குறைந்து, சத்தம் கூர்மையாகி, வேகம் ஏறியதுபோல் தெரியும். வாடிக்கையாளர் உன்னைக் கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு உருகின பிஸ்டனைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார். மரத்தில் படாமல் முழு ரேஸில் வைத்தால் சத்தத்தில் லேசான கரகரப்பு இருக்க வேண்டும். மரத்தில் இறக்கியதும் அது தெளிய வேண்டும். அந்தக் கரகரப்பு பெட்ரோலும் ஆயிலும் போதுமான அளவு வருகிறது என்பதற்கு அடையாளம். அதை ஒழிக்கப் பார்க்காதே.

ஸ்குரூவின் மேல் பிளாஸ்டிக் தொப்பி மாட்டி, முழுச் சுற்று திருப்பவிடாமல் செய்திருப்பார்கள். சில மிஷினில் சாதாரணத் திருப்புளி நுழையாது. இதையும் கம்பெனியின் சூழ்ச்சி என்று திட்டுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகை மாசுக்குப் போட்ட விதிகளால் வந்த ஏற்பாடு அது. திட்டு வேண்டியவர்களுக்குத் திட்டு கொடு. இதில் கம்பெனியை விட்டுவிடு.

6. காரணம் தெரியாமல் புதுப் பிஸ்டன் போடாதே.

பிஸ்டன் போயிருக்கிறதா என்று பார்க்க இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். சைலன்சரை மட்டும் கழற்றி, எக்ஸாஸ்ட் ஓட்டை வழியே டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்தபடி பார். நல்ல பிஸ்டனில் கடைசல் கோடுகள் குறுக்கே மெல்லியதாகத் தெரியும். அடிபட்டதில் மேலிருந்து கீழாகக் கீறல் ஓடும்.

கீறல் எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசியிருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் குறைவாக வந்து சூடேறியிருக்கிறது. சுற்றிலும் உரசியிருந்தால் ஆயில் கலக்காத பெட்ரோல். இன்டேக் பக்கம் மங்கித் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியே தூள் உள்ளே போயிருக்கிறது.

பெட்ரோல் குறைந்ததற்கு ஸ்குரூ மட்டும் காரணமாக இருக்காது. கிரேங்க் ஆயில் சீல் தளர்ந்தாலும், இன்டேக் ரப்பர் கிழிந்தாலும், அதைப் பிடிக்கும் கிளாம்ப் விட்டாலும் ஓசிக் காற்று உள்ளே நுழையும். ரேஸை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தால் இதுதான். எக்ஸாஸ்ட்டையும் இன்டேக்கையும் ரப்பர் வைத்து அடைத்து, 7 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார். நுரை எங்கே கிளம்புகிறதோ அங்கே ஓட்டை. காற்றை வெளியே இழுத்தும் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனென்றால் சீல் ஒரு திசையில் பிடித்து மறு திசையில் விடக்கூடும். இந்தச் சோதனை செய்யாமல் புதுப் பிஸ்டன் போட்டால், பழைய ஓட்டை புதுப் பிஸ்டனையும் தின்றுவிடும்.

7. ஆயில் பம்ப்பின் பிளாஸ்டிக் பல்லை மன்னிக்காதே.

செயின் சுற்றும்போது பாருக்கு ஆயில் அனுப்ப ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. கிளட்ச் டிரம்முக்குப் பின்னால், கிரேங்க் ஷாப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வார்ம் கியர்தான் அதை ஓட்டுகிறது. மிஷினிலேயே அதிகம் சூடாகிற இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே சில கம்பெனிகள் பிளாஸ்டிக் கியரைப் போடுகின்றன. செயின் பிரேக் போட்டது தெரியாமல் ரேஸ் கொடுத்தாலோ, மொக்கைச் செயினை வைத்து அமுக்கி அறுத்தாலோ கிளட்ச் வழுக்கிச் சூடேறும். கியர் இளகிப் பல் போகும். அதன்பிறகு டேங்கில் ஆயில் குறையாது, பாரில் ஆயில் வராது, செயின் நீலம் பாய்ந்து பாரும் கருகும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தக் கியருக்கே சொன்ன மாதிரி இருக்கிறது. சாமான் சின்னது. அதை மாற்றக் கிளட்சைக் கழற்ற வேண்டும். அதுவும் இடது மரை, வழக்கத்துக்கு மாறாகச் சுற்ற வேண்டும். அதற்குள் ஒரு பாரும் ஒரு செயினும் வீணாகியிருக்கும். கம்பெனி மிச்சம் பிடித்த சில ரூபாய்க்கு விவசாயி கொடுக்கும் விலை அது. அந்த மாடலுக்கு இரும்புக் கியர் கிடைத்தால் அதையே போடு. பிரேக் போட்டுக்கொண்டு ரேஸ் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல், ஏனென்றால் குற்றத்தில் அந்தப் பங்கு ஓட்டுகிறவருடையது.

8. கழிவு ஆயிலை பாருக்கு ஊற்றவிடாதே.

டிராக்டரிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலைச் செயினுக்கு ஊற்றுவது நம் பக்கம் எல்லோரும் செய்கிற சிக்கனம். அதில் இரும்புத் துகள் இருக்கிறது. ஒட்டும் தன்மை போய்விட்டது. வேகமாகச் சுற்றும் செயினில் அது நிற்காமல் சிதறி ஓடும்; பம்ப்பையும் அரிக்கும். பார் ஆயில் கிடைக்காவிட்டால் புது ஆயிலை ஊற்று, கழிவை ஊற்றாதே. பம்ப் வேலை செய்கிறதா என்று தெரிய, ஒரு வெள்ளைக் காகிதத்துக்கு ஒரு சாண் மேலே பார் நுனியைக் காட்டி ரேஸ் கொடு. காகிதத்தில் ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் உடனே பம்ப்பைக் குறை சொல்லாதே. முதலில் பாரின் ஆயில் ஓட்டையைப் பார். தென்னந்தூளும் ஆயிலும் சேர்ந்து அங்கே களிபோல் இறுகியிருக்கும்.

9. "பவர் இல்லை" என்றால் செயினைப் பார்.

புது மிஷினுக்கே பவர் இல்லை என்று கொண்டு வருவார்கள். அறுத்த இடத்தில் விழுந்தது என்னவென்று கேள். தீட்டின செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மொக்கைச் செயின் மாவுபோல் தூளைக் கொட்டும். தூள் என்றால் இன்ஜினைத் தொட வேலையில்லை.

இன்றைய செயின் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1940-களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர், மரக்கட்டையைத் துளைக்கும் வண்டுப்புழு தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமும் சீவிக்கொண்டு போவதைப் பார்த்து, அதே மாதிரிப் பல் வைத்த செயினைச் செய்தார். 1947-ல் அது விற்பனைக்கு வந்தது. இடதுபல், வலதுபல் என்று மாறி மாறி இருப்பதன் காரணம் அதுதான். ஒரு பக்கத்தை மட்டும் நன்றாகத் தீட்டினால் வெட்டு வளைந்துகொண்டு போகும்.

நம் பக்கம் அறுப்பது தென்னையும் பனையும். இரண்டிலும் வெளிச்சுற்றுதான் வைரம், உள்ளே மெத்து. மரத்தில் சிலிக்கா வேறு இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். மண்ணில் கிடக்கும் மரம் என்றால் இன்னும் மோசம். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு அரம் போடச் சொல். 3/8 லோ-புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ. அரம், .325 செயினுக்கு 4.8 மி.மீ. கோணம் பொதுவாக 30 டிகிரி. செயின் பெட்டியில் வேறு போட்டிருந்தால் அது. பல்லுக்கு முன்னால் இருக்கும் ரேக்கரை 0.65 மி.மீ. இறக்கமாக வை. ரேக்கரைக் கண்மூடித்தனமாக அராவினால் செயின் மரத்தைக் கவ்விக் கையை உதறும். பெட்டிச் சரக்கோடு வரும் செயின் பல் மெத்தென்று இருந்தால் முதல் மரத்திலேயே தெரியும். அங்கே கம்பெனி தவறு. செயினை மட்டும் நல்லதாக மாற்றினாலே பாதிக் கோபம் தணிந்துவிடும்.

10. மரையைக் கையால் பிடித்துத் தொடங்கு.

செயின்சா அதிர்ந்துகொண்டே இருக்கிற மிஷின். சைலன்சர் போல்ட், கார்புரேட்டர் நட், பார் நட் எல்லாம் தளரும். தளர்ந்த சைலன்சர் ஆடி ஆடி மரையையே தின்றுவிடும். கிரேங்க் கேஸ் மக்னீசியம் அல்லது அலுமினியம், போல்ட் இரும்பு. பலம் காட்டினால் தோற்பது கேஸ்தான். எந்த ஸ்குரூவையும் இரண்டு சுற்று கையால் ஏற்றிவிட்டு, அப்புறம் திருப்புளியை வை. மரை போனால் ஹெலிகாயில் என்ற கம்பி மரையைப் போடக் கற்றுக்கொள். பசை தடவி ஒப்பேற்றுவது பழுது பார்ப்பதில் சேராது. பார் ஸ்டட் பிளாஸ்டிக் பாடியில் பதிந்திருக்கிற மாடல் வந்தால், அது ஆடத் தொடங்கும் நாள் தூரத்தில் இல்லை என்று முன்கூட்டியே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடு.

11. பிளாஸ்டிக் எல்லாம் குற்றம் ஆகாது.

கிழவர்கள் பலர் "அந்தக் காலத்து இரும்பு மிஷின்" என்று பெருமூச்சு விடுவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு தோப்பில் அரை நாள் நின்றால் தெரியும். டேங்க், கைப்பிடி, மூடி இவற்றில் நல்ல பிளாஸ்டிக் போடுவது நியாயம். எடை குறையும், அடிபட்டால் நெளியாது. சூடும் இழுவையும் சேருகிற இடத்தில் பிளாஸ்டிக் வைப்பதுதான் தப்பு. ஆயில் பம்ப் கியர், இன்டேக் கிளாம்ப், ஸ்டார்ட்டரின் கொக்கி, செயின் டைட் செய்யும் பல்: இந்த நாலு இடத்தையும் பார்த்தால் கம்பெனியின் மனசு தெரிந்துவிடும்.

இன்ஜின் அமைப்பையும் பார். சிலிண்டர் தனியாகக் கழன்று வருகிற மாதிரி இருந்தால் பழுது பார்ப்பது சுலபம். இரண்டு பாதியாகப் பிளந்து, நடுவே பேரிங்கை வைத்துப் பசை தடவி மூடியதாக இருந்தால் செய்யச் செலவு குறைவு. ஆனால் ஒரு சீல் மாற்ற இன்ஜின் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். வருஷத்துக்கு நாலு மரம் அறுக்கிறவருக்கு அது போதும். தினம் கூலிக்கு அறுக்கிறவர் வாங்கக்கூடாது. இதை வாங்குமுன் சொல்கிறவன்தான் இல்லை. நீ சொல்.

12. ஸ்டிக்கரை நம்பாதே, வெர்னியரை நம்பு.

பாடியில் 58 சி.சி. என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். பிஸ்டனைக் கழற்றும் நாள் வந்தால் அளந்து பார். சிலிண்டரின் உள்விட்டத்தை மி.மீ.-ல் அளந்து, அதை அதனாலேயே பெருக்கு, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தால் பெருக்கு, 0.7854-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகு. 45.2 மி.மீ. உள்விட்டமும் 33 மி.மீ. ஓட்டமும் இருந்தால் வருவது சுமார் 53 சி.சி. 58 வர வேண்டுமானால் ஓட்டம் 36 மி.மீ.-ஐத் தொட வேண்டும். மீதி ஐந்து சி.சி. ஸ்டிக்கரில் மட்டும் ஓடுகிறது. அந்தப் பவரை நம்பி 22 இஞ்ச் பாரை மாட்டி, புளிய மரத்தில் முழுவதும் இறக்கினால் இன்ஜின் திணறாமல் என்ன செய்யும்? சின்ன பாரைப் போட்டாலே அந்த மிஷின் ஒழுங்காக ஓடும்.

13. ஸ்பேர் கிடைக்குமா என்று முதலில் கேட்கச் சொல்.

முன்பு கார்புரேட்டர் டயாபிராமும் ஊசியும் சின்னப் பொட்டலமாகக் கிடைக்கும். இப்போது சில மாடல்களுக்குக் கார்புரேட்டர் முழுசாகத்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். கிளட்ச் ஸ்பிரிங் ஒன்று போனாலும் கிளட்ச் செட்டே வாங்கு என்கிறார்கள். கம்பெனி மிச்சம் பிடிப்பதில் இது இரண்டாவது ரகம்: மிஷினை மலிவாக விற்று, ஸ்பேரில் திரும்ப வாங்கிக்கொள்வது. புது மிஷின் வாங்கப்போகிறவரிடம் சொல்: டயாபிராம் கிட், ஆயில் சீல், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், வார்ம் கியர் இந்த நாலும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்கட்டும். கடைக்காரர் பேச்சை மாற்றினால் அதுவே பதில்.

டூப்ளிகேட் சிலிண்டர் வாங்கினால் போர்ட் ஓரங்களை விரலால் தடவிப் பார். கூர்மையாக இருந்தால் ரிங் மாட்டி உடையும். மெல்லிய உப்புத்தாளால் ஓரத்தை மழுக்கி, மண்ணெண்ணெயில் அலசிவிட்டுப் போடு. உள்பூச்சு உரிந்திருந்தால் கையால் தொடாமல் திருப்பிக் கொடு.

14. பிரேக் இல்லாத மிஷினைத் திருப்பிக் கொடுக்காதே.

முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் பலகையைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். பார் நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். அப்போது காப்பது அந்தப் பிரேக் ஒன்றுதான். ஐட்லிங்கில் செயின் நகரவே கூடாது. நகர்ந்தால் ஐட்லிங் அதிகம், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் போய்விட்டது. அறுந்த செயினைப் பிடிக்க அடியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். உடைந்திருந்தால் புதிது போடு. "அதெல்லாம் தொல்லை, கழட்டிவிடு தம்பி" என்று சொல்வார்கள். வயதில் மூத்தவர் கேட்டாலும் முடியாது என்று சொல். பிரேக் பட்டையை அரைகுறையாகச் செய்து விற்கிற கம்பெனிமேல் உனக்கு எவ்வளவு கோபம் வர வேண்டுமோ, அவ்வளவு கோபம் அதைக் கழற்றச் சொல்கிறவர்மேலும் வரட்டும்.

15. கோபத்தைக் காகிதத்தில் எழுதச் சொல்.

பட்டறையில் நின்று கம்பெனியைத் திட்டுவதால் ஒரு வார்ம் கியர்கூட இரும்பாக மாறாது. வாங்கிய பில், வாரண்டி கார்டு, சீரியல் நம்பர் தெரிய எடுத்த போட்டோ, நீ எழுதிக் கொடுத்த பழுதுக் குறிப்பு, உடைந்த சாமான் இவற்றை ஒரு பையில் போட்டு வைக்கச் சொல். முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் போகட்டும். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊருக்குப் போக வேண்டியதில்லை. தான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று கம்பெனி வாதாடும். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவரை அந்தச் சட்டமே நுகர்வோராக ஏற்றுக்கொள்கிறது. கூலிக்கு மரம் அறுக்கும் ஆளுக்கு இது தெரிந்திருக்காது. நீ தெரிந்து வைத்திருந்து சொல்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பில்லில் நீ எழுதுகிற பழுதுக் குறிப்பு நாளை சாட்சியாக நிற்கும். கழிவு ஆயில் ஊற்றிக் கெடுத்ததைக் கம்பெனித் தவறு என்று எழுதினால், உண்மையிலேயே கம்பெனி தவறு செய்த மிஷினுக்கு நீ எழுதும் குறிப்பையும் யாரும் நம்பமாட்டார்கள். சொந்தக்காரர் தவறை அவர் முகத்துக்கு நேரே சொல்; கம்பெனி தவறைக் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடு. இரண்டுக்கும் தைரியம் இருந்தால் தொழிலுக்கு வா, தம்பி.